கோர்ட்டுக்கு வெளியே தீர்த்துக்கொள்ளப் போகிறீர்களா? கையில் எந்தத் தாள் மிஞ்சும் என்று முதலில் பாருங்கள்

திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்து கொடுத்த பணம் மாதக்கணக்கில் வரவில்லை. அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு. வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகும் அட்வான்ஸ் திரும்பவில்லை. எதுவானாலும் நம் ஊரில் முதலில் நடப்பது ஒன்றுதான். பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துப் பேசி, முத்திரைத்தாளில் நாலு வரி எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு மடித்து வைத்துக்கொள்வார்கள்.

பேசித் தீர்த்தது நல்லதுதான். ஆனால் மூன்றாவது தவணையில் எதிர்த்தரப்பு கையை விரித்தால் அந்த முத்திரைத்தாளை வைத்து என்ன செய்ய முடியும்? புதிதாக ஒரு வழக்குத்தான் போட முடியும். சட்டத்தின் கண்ணில் அது இன்னொரு ஒப்பந்தம், அவ்வளவே. அதே நாலு வரி மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) பதிவாகியிருந்தாலோ, சமரச மையம் வழியாக நீதிமன்றத் தீர்ப்பாணையாக (டிக்ரி) மாறியிருந்தாலோ, ஆர்பிட்ரேஷன் நடத்தும் நடுவரின் தீர்ப்பாக வந்திருந்தாலோ, நேரே நிறைவேற்று மனு (தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் மனு) போட்டுச் சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம். பேசுவதைவிடப் பேசியதை இப்படிப்பட்ட தாளாக மாற்றுவதுதான் பெரிய வேலை. தமிழ்நாட்டில் அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

பேச உட்காரும் முன் நாளை எண்ணுங்கள்

கொடுத்த கடன், சரக்குப் பாக்கி, வேலைக்கூலி போன்ற பண விவகாரங்களுக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் காலக்கெடு. நீங்கள் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது அந்தக் கெடுவை நிறுத்தாது. "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற வாய்ப்பேச்சிலேயே மூன்று வருடத்தைக் கடத்திவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். கெடு முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து காலக்கெடு புதிதாக ஓடத் தொடங்கும். அதனால் பேச்சுவார்த்தையின் முதல் நாளே கேட்க வேண்டியது பணம் அல்ல, பாக்கியை ஒப்புக்கொள்ளும் கடிதம்.

செக் திரும்பிய விவகாரத்தில் கெடு இன்னும் இறுக்கம். வங்கியின் ரிட்டர்ன் மெமோ கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸைப் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் மனு. சமரசம் பேசுகிறோம் என்று இதைத் தள்ளிப் போடாதீர்கள். நோட்டீஸை அனுப்பிவிட்டே பேசலாம், வழக்குப் போட்ட பிறகும் பேசலாம். செக் வழக்கு சமரசத்தில் முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம்தான்.

உங்கள் விவகாரம் எங்கே போக வேண்டியது?

ஒப்பந்தம், பில், கடன் பத்திரம் எதுவிருந்தாலும் எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். "ஆர்பிட்ரேஷன்" என்றோ "மத்தியஸ்தம்" என்றோ ஒரு பிரிவு இருந்தால் நீங்கள் ஏற்கெனவே ஒரு பாதையில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். இல்லாவிட்டால் சமரசம், மக்கள் நீதிமன்றம் இரண்டும் திறந்தே இருக்கின்றன. இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் தகராறு வந்த பிறகுகூட நடுவரிடம் போகலாம்.

அடுத்தது, எதிரில் இருப்பவர் நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டிய ஆளா என்று யோசியுங்கள். பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர், பழைய வாடிக்கையாளர், குழந்தைகளின் அப்பா அல்லது அம்மா என்றால் சமரசம்தான் பொருத்தம். அங்கே முடிவு எடுப்பது நீங்கள் இருவரும். நடுவரிடம் போனால் முடிவு எடுப்பது அவர். நீதிபதி மாதிரியே சாட்சியம் கேட்டு ஒருவரை ஜெயிக்க வைப்பார், ஒருவரைத் தோற்க வைப்பார்.

எல்லாவற்றையும் இப்படித் தீர்த்துவிட முடியாது. கொலை, பாலியல் வன்முறை, குழந்தைகள் மீதான குற்றம் போன்றவற்றைப் பேசி மூட யாருக்கும் அதிகாரமில்லை. விவாகரத்து, திவால், உயிலை மெய்ப்பிப்பது போன்றவற்றை நடுவர் தீர்மானிக்க முடியாது. விவாகரத்து வழக்கில் ஜீவனாம்சம், குழந்தையைப் பார்க்கும் நாட்கள் போன்றவற்றைச் சமரசத்தில் பேசி முடிக்கலாம், ஆனால் மண உறவை முறிக்கும் ஆணை நீதிமன்றத்திலிருந்துதான் வர வேண்டும். அடிக்குப் பயந்து வாழும் ஒரு பெண்ணை அடித்தவரோடு ஒரே மேசையில் உட்கார வைப்பதும் சமரசம் ஆகாது. அப்படிப்பட்ட நிலையில் முதலில் பாதுகாப்பு ஆணை, மற்றதெல்லாம் அப்புறம்.

காவல் நிலையத்தில் "எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று முடிப்பது, கட்சிக்காரர் ஒருவர் அலுவலகத்தில் கூப்பிட்டுப் பஞ்சாயத்துப் பேசுவது இரண்டையும் தவிருங்கள். சிவில் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் காவல் துறைக்குக் கிடையாது. கட்டப்பஞ்சாயத்தில் வாங்கிய கையெழுத்து, மிரட்டி வாங்கியது என்று பின்னால் எளிதில் உடையும். வாங்கியவரே வழக்கில் சிக்கவும் கூடும்.

சமரச மையத்தில் என்ன நடக்கும்?

நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் முதலில் தொடங்கியது நம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான், 2005 ஏப்ரல் 9 அன்று. இப்போது மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலும் மையங்கள் இருக்கின்றன. வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி நீதிபதியே மையத்துக்கு அனுப்பலாம். அனுப்பும்படி நீங்களும் உங்கள் வக்கீல் மூலம் கேட்கலாம். வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் கேட்கலாம், மேல்முறையீட்டில்கூட. மையத்தில் சமரசருக்கு நீங்கள் கட்டணம் தர வேண்டியதில்லை.

முதல் அமர்வில் சமரசர் விதிகளைச் சொல்வார். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், யார் பக்கமும் சாய மாட்டார், இங்கே பேசியதை யாரும் நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொண்டுபோக முடியாது. பிறகு இரு தரப்பும் ஒருவர் பேச ஒருவர் கேட்பார்கள். வக்கீல் கூட இருக்கலாம், ஆனால் பேச வேண்டியது நீங்கள். பல வருடமாக வாய்தா மட்டுமே கேட்டு வந்தவர்களுக்கு, தன் மனக்குறையைத் தானே முழுசாகச் சொல்லக் கிடைக்கும் முதல் இடம் இதுவாக இருக்கும். அதை வசவில் வீணாக்க வேண்டாம்.

அப்புறம் தனி அமர்வு. சமரசர் உங்களை மட்டும் உள்ளே வைத்துப் பேசுவார். இங்கேதான் உண்மையான கணக்கு வெளியே வரும். "எட்டு லட்சம் கேட்டிருக்கிறேன், ஆறு வந்தால் போதும், ஆனால் ஜூன் மாதத்துக்குள் வேண்டும், பிள்ளைக்கு காலேஜ் கட்டணம் இருக்கிறது" என்பதை இங்கே தைரியமாகச் சொல்லலாம். நீங்கள் அனுமதிக்காததை அவர் மறுபக்கம் சொல்லக் கூடாது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று வெளியே வரும் முன் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

போகும் முன் வீட்டில் உட்கார்ந்து மூன்று தொகையை எழுதிக்கொள்ளுங்கள்: விரும்புவது, ஏற்கக்கூடியது, இதற்குக் கீழே எழுந்து வந்துவிடுவேன் என்பது. மூன்றாவதை எழுதும்போது, சமரசம் முறிந்தால் வழக்கு எத்தனை வருடம் ஓடும், வக்கீல் கட்டணம் என்ன ஆகும், அதற்குள் எதிர்த்தரப்பிடம் சொத்து மிஞ்சுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கோபத்தில் எழுதும் தொகைக்கும் இந்தக் கணக்குக்குப் பிறகு எழுதும் தொகைக்கும் வித்தியாசம் இருக்கும்.

முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஆளே வர வேண்டும். கம்பெனி சார்பில் வரும் மேலாளர் ஒவ்வொரு தொகைக்கும் "எம்.டி.யிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் இரண்டு அமர்வு வீண். குடும்பச் சொத்து என்றால் பங்குள்ள அனைவரும் வர வேண்டும். முக்கியமாக அக்கா தங்கைகள். அண்ணன் தம்பிகள் மட்டும் கூடிப் பேசிப் பிரித்துக்கொள்வது இன்னும் நடக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை இருப்பதால், அவர்கள் கையெழுத்து இல்லாத பாகப்பிரிவினை என்றைக்காவது திரும்பி வரும். மைனர் தரப்பாக இருக்கும் வழக்கில் அவர் சார்பாகச் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

தீர்வு எட்டினால் அங்கேயே எழுதிக் கையெழுத்தாகி வழக்கு நடக்கும் நீதிமன்றத்துக்குப் போகும். நீதிபதி அதைப் பதிவு செய்து தீர்ப்பாணை கொடுப்பார். எட்டாவிட்டால் "தீர்வு ஏற்படவில்லை" என்ற ஒற்றை வரி அறிக்கை மட்டும் போகும். யார் பிடிவாதம் பிடித்தார்கள் என்று நீதிபதிக்குத் தெரியாது. இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னும் வழக்கே போடவில்லை என்றால்

வட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ, மாவட்டத் தலைநகரில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ ஒரு மனு எழுதிக் கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100 என்ற இலவச உதவி எண்ணில் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு வக்கீலையும் இலவசமாகவே தருவார்கள்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். வந்தால் பேச்சு. ஒத்துப்போனால் மக்கள் நீதிமன்றத்தில் பதிவாகும். அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. மேல்முறையீடு இல்லை என்பது இரண்டு பக்கமும் வெட்டும். அவசரமாக நாலு பேர் சுற்றி நின்று "போடுங்கம்மா, போடுங்க" என்று சொல்லும் இடத்தில் வாசிக்காமல் போட்ட கையெழுத்தைத் திரும்ப எடுக்க வழி ரொம்பக் குறைவு. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இதைக் கவனமாகப் பாருங்கள். இன்சூரன்ஸ் தரப்பு சொல்லும் தொகை நியாயமா என்று உங்கள் வக்கீலிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டு போங்கள்.

மின்சாரம், குடிநீர், தபால், தொலைபேசி, போக்குவரத்து, மருத்துவமனை, இன்சூரன்ஸ் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் தனியாக இருக்கிறது. அங்கே சமரசம் முறிந்தால் விசாரித்துத் தீர்ப்பும் சொல்லலாம். இது பலருக்குத் தெரியாது.

இந்த மையங்களுக்கோ ஆணைக்குழுவுக்கோ போகாமல் தனியாக ஒரு சமரசரை அமர்த்திக்கொள்ளவும் முடியும். அப்படி ஏற்படும் தீர்வுக்கும் தீர்ப்பாணையின் பலம் தருகிறது 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம். ஆனால் அந்தச் சட்டம் மொத்தமாக ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. 2023 அக்டோபர் 9 அன்று சில பிரிவுகளோடு தொடங்கியது. நீங்கள் கையெழுத்திடும் நாளில் எந்தப் பிரிவு அமலில் இருக்கிறது என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டு, சந்தேகம் இருந்தால் அந்தத் தீர்வை மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்வது பத்திரம்.

வியாபாரப் பாக்கி

மூன்று லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்றால், வழக்குக்கு முந்தைய சமரசம் உங்கள் விருப்பம் அல்ல, கட்டாயம். அவசரத் தடையாணை தேவைப்படும் வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு இது. இதைத் தாண்டிப் போட்ட வழக்கை நிராகரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் படிவம் ஒன்றை நிரப்பி, 1,000 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வந்து பேச ஒப்புக்கொண்டால் சமரசக் கட்டணத்தை இருவரும் சமமாகப் பகிர வேண்டும். கோரிக்கைத் தொகை பத்து லட்சம் வரை என்றால் மொத்தம் 15,000. மூன்று மாதத்தில் முடிய வேண்டும், இருவரும் ஒப்புக்கொண்டால் இன்னும் இரண்டு மாதம். இந்த நாட்கள் காலக்கெடுவில் கழிக்கப்படும். எதிர்த்தரப்பு வரவே இல்லையென்றால் அதற்கான அறிக்கை கிடைக்கும். அதை வைத்து வழக்குப் போடலாம்.

ஆனால் நீங்கள் குறு அல்லது சிறு தொழில் நடத்துபவர், உத்யம் என்ற மத்திய அரசின் சிறு தொழில் பதிவு இருக்கிறது, பொருள் செய்து கொடுத்தோ சேவை செய்தோ பணம் வரவில்லை என்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. மத்திய அரசின் குறு, சிறு தொழில் அமைச்சக இணையதளத்தில் பில், டெலிவரி சலான், பர்ச்சேஸ் ஆர்டர் ஆகியவற்றை ஏற்றி விண்ணப்பித்தால், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் மன்றங்கள் உள்ளன. முதலில் சமரசம், முறிந்தால் மன்றமே நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்லும் அல்லது வேறு நடுவர் அமைப்புக்கு அனுப்பும். ஒப்பந்தத்தில் வேறு ஊரில் ஆர்பிட்ரேஷன் என்று இருந்தாலும் இந்த உரிமை போகாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தோற்ற வாங்குபவர் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்பது. சும்மா இழுத்தடிக்கப் போகும் மேல்முறையீடுகள் பாதி இங்கேயே நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: உத்யம் பதிவு, ஆர்டர் எடுப்பதற்கு முன்பே இருக்க வேண்டும். பணம் நின்ற பிறகு ஓடிப்போய் எடுத்த பதிவைக் காட்டினால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

ஆர்பிட்ரேஷன்: நீங்கள் போவது, உங்களை இழுப்பது

நீங்களாகப் போவதென்றால், ஒப்பந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி, தகராறு இது, தொகை இது, நடுவராக இன்னாரை முன்மொழிகிறேன் என்று பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நடுவர் வழக்கு சட்டப்படி தொடங்குவது அந்த நோட்டீஸ் எதிர்த்தரப்பின் கைக்குப் போன நாளில்தான். 30 நாளில் ஒப்புதல் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நடுவரை நியமிக்கக் கேட்கலாம். இடையில் சரக்கையோ சொத்தையோ விற்றுவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், நடுவர் வரும் முன்பே நடுவர் சட்டத்தின் 9ஆம் பிரிவில் நீதிமன்றத் தடை வாங்கலாம். இரு தரப்பும் மனுவும் பதிலும் போட்டு முடித்த நாளிலிருந்து 12 மாதத்தில் தீர்ப்பு வர வேண்டும்.

செலவைக் கணக்குப் பாருங்கள். நடுவர் சட்டத்தின் நான்காவது அட்டவணை, ஐந்து லட்சம் வரையான தகராறுக்கு நடுவர் கட்டணமாக 45,000 ரூபாய் சொல்கிறது. இடவாடகை, வக்கீல் செலவு தனி. மூன்று லட்ச ரூபாய் பாக்கிக்கு ஆர்பிட்ரேஷன் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டடம், பங்குதாரர் கணக்கு, பெரிய சப்ளை ஒப்பந்தம் என்றால் விஷயம் வேறு. சென்னையில் உயர் நீதிமன்றத்தின் நடுவர் மையமும் நானி பால்கிவாலா நடுவர் மையமும் உள்ளன. புதிதாக ஒப்பந்தம் எழுதுபவர்கள் இப்படி ஒரு மையத்தின் பெயரையும், இடம் சென்னை என்பதையும், நடுவர் ஒருவர் மட்டுமே என்பதையும் சேர்த்துக்கொண்டால் பின்னால் வரும் சண்டையில் பாதி குறையும்.

உங்களை இழுக்கும் ஆர்பிட்ரேஷன் வேறு மாதிரி. வண்டிக் கடன் வாங்கும்போது முப்பது பக்கத்தில் போட்ட கையெழுத்தில் அது ஒளிந்திருக்கும். தவணை தவறினால், நிதி நிறுவனம் தானே நியமித்த நடுவரிடமிருந்து வேற்று மாநில முகவரியோடு ஒரு கடிதம் வரும். பலர் அதை வாங்காமலே திருப்பி அனுப்புகிறார்கள். அதைவிடப் பெரிய தவறு இல்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, அடுத்து வருவது ஜப்தி நோட்டீஸாக இருக்கும். வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒரு தரப்பு, தானே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. அதனால் கடிதம் வந்த உடனே, "இந்த நியமனத்தை ஏற்கவில்லை" என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். ஏற்கிறேன் என்று எதிலும் கையெழுத்திடாதீர்கள். தீர்ப்பு வந்துவிட்டால், நகல் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் அதை எதிர்த்து மனு போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீதிமன்றம் தர முடியாது.

ஒப்பந்தத்தில் பிரிவு இருந்தும் எதிர்த்தரப்பு சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், உங்கள் முதல் எதிர்வாதத்தைத் தாக்கல் செய்யும்போதே, பிந்தாமல், நடுவரிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். பதிலுரை போட்டுவிட்டு அப்புறம் நினைவு வந்தால் வாய்ப்புப் போய்விடும்.

தீர்வை எழுதும்போது

"விரைவில் செலுத்த ஒப்புக்கொள்கிறார்" என்ற வரியை வைத்து யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு தவணைக்கும் தேதி, தொகை, எந்த வங்கிக் கணக்கு என்று எழுதுங்கள். ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும், இத்தனை சதவீத வட்டியோடு என்ற வரி கட்டாயம். தொகையில் ஜிஎஸ்டி அடக்கமா, வரிப் பிடித்தம் உண்டா என்பதைப் பேசாமல் விட்டால் கடைசியில் பத்து சதவீதத்துக்காக மறுபடி சண்டை வரும். இரு தரப்புக்கும் இடையே உள்ள செக் வழக்கு, போலீஸ் புகார் எல்லாவற்றையும் எண்ணோடு குறித்து, எது எப்போது வாபஸ் என்று சொல்லுங்கள். முதலில் வாபஸ், பிறகு பணம் என்ற வரிசைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நிலம் என்றால் சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, பாதை உரிமை, கிணற்றுத் தண்ணீர் முறை, பட்டா மாற்றும் செலவு யாருடையது என்பது வரை. வழக்கில் உள்ள சொத்தைப் பற்றிய சமரசத் தீர்ப்பாணைக்கும், வழக்கில் இல்லாத சொத்தையும் சேர்த்து எழுதும் தீர்வுக்கும் பதிவு விதி வேறு. பின்னதைப் பதிவு செய்தாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் மாட்டிக்கொள்ளும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்தான பிறகு

தமிழ்நாட்டில் பண வழக்குக்கு 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். பத்து லட்சத்துக்கு 30,000 ரூபாய். வழக்கு சமரசத்தில் முடிந்தால் அது முழுவதும் திரும்பக் கிடைக்கும். மையத்துக்குப் போகாமல் இரு தரப்பும் தாங்களே வெளியே பேசி முடித்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2021இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. வழக்கை முடிக்கும் அன்றே கட்டணத்தைத் திருப்பக் கேட்டு மனு கொடுக்கச் சொல்லுங்கள். வக்கீல்களே சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

தவணை தவறினால், சான்றிட்ட நகலோடு நிறைவேற்று மனு. தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 வருடம் கால அவகாசம் உண்டு. ஆனால் மனுவில் எதை ஜப்தி செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும், நீதிமன்றம் தேடித் தராது. அதனால் பேச்சு நல்லபடியாகப் போகும் நாளிலேயே எதிர்த்தரப்பின் வங்கிக் கணக்கு, பான் எண், கடை முகவரி, சொத்தின் சர்வே எண் எல்லாவற்றையும் தீர்வுப் பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். மறுபடி மனக்கசப்பு வந்த பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.